தற்காலிக வாக்குச்சீட்டு: அமெரிக்கத் தேர்தல் முறையின் ஒரு பரிகாரமும் அதன் எல்லைகளும்

குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டென்று ஒரு நாட்டின் அரசியல் சாசனம் எத்துணை உறுதியாகப் பிரகடனம் செய்திருந்தாலும், தேர்தல் நாளன்று ஒருவர் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து அதிகாரியின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது அவருடைய உரிமையை நிர்ணயிப்பது அம்மேசையின்மேல் விரித்து வைக்கப்பட்டுள்ள வாக்காளர் பட்டியலே. பட்டியலில் பெயர் இருந்தால் அவர் வாக்காளர். இல்லையேல், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து ஆண்டுதோறும் வரி செலுத்தி வருபவராயினும், வந்த வழியே திரும்ப வேண்டியவர். பட்டியலைத் தயாரிப்பவர்களோ மனிதர்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட குமாஸ்தா அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்ப மறந்திருக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறிப் பதிவாகியிருக்கலாம். இறந்தோரையும் இடம்பெயர்ந்தோரையும் நீக்கிய வேகத்தில், அதே வீட்டில் வாழ்ந்துகொண்டிருப்பவரின் பெயரும் அடிபட்டுப் போயிருக்கலாம். இத்தகைய பிழை வாக்களிக்கும் வேளையில் வெளிப்படுமானால் அதிகாரி என்ன செய்வது? வந்தவரின் வார்த்தையை நம்பினால் உரிமையற்ற ஒருவர் உட்புகக்கூடும். பட்டியலை நம்பினால் உரிமையுள்ள ஒருவர் வாக்கை இழக்கக்கூடும். பெட்டிக்குள் விழுந்த சீட்டைப் பின்னர் பிரித்தெடுக்கவும் வழியில்லை. சாவடி மூடிய பின்னர், இழந்த வாக்கை மீட்டுக் கொடுக்கவும் வழியில்லை.

இச்சங்கடத்துக்கு அமெரிக்க ஐக்கிய நாடு கண்ட உபாயமே தற்காலிக வாக்குச்சீட்டு என்பது. ஐயத்துக்கு உள்ளான வாக்காளரைத் திருப்பி அனுப்பாமல் அவரது வாக்கைப் பெற்றுக்கொள்வது; ஆனால் அதைப் பொதுப் பெட்டியில் சேர்க்காமல் தனி உறையில் முத்திரையிட்டு வைப்பது; தேர்தல் முடிந்தபின் ஆவணங்களைப் பரிசீலித்து, அவர் தகுதியுடையவரெனத் தெளிந்தால் எண்ணுவது, அல்லாவிடில் உறையைப் பிரிக்காமலே ஒதுக்குவது. சொல்லும்போது எளிதாகவும் நியாயமாகவும் தோன்றும் இம்முறை, செயலுக்கு வரும்போது ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. ஐயம் தேர்தல் நாளிலிருந்து பிந்திய நாட்களுக்கு ஒத்திவைக்கப்பட்டதே தவிர நீங்கிவிடவில்லை; அந்நாட்களில் அதைத் தீர்க்கும் சுமையைச் சுமக்க வேண்டியவர் யார், அரசாங்கமா, வாக்காளரா? இம்முறையின் நன்மையும் குறையும் இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு மாநிலமும் தரும் விடையையே பொறுத்திருக்கின்றன என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உபாயம் பிறந்த வரலாறு

இவ்வெண்ணம் 2002-ஆம் ஆண்டில் புதிதாக உதித்ததன்று. கலிபோர்னியா, நியூயார்க் முதலிய சில மாநிலங்களில், பட்டியலில் பெயர் காணப்படாதவர் பிரமாண வாக்குமூலத்தில் கையொப்பமிட்டு வாக்களிக்கும் ஏற்பாடு அதற்கு முன்பே இருந்து வந்தது. 1993-இல் இயற்றப்பெற்ற தேசிய வாக்காளர் பதிவுச் சட்டமும், ஒரே பதிவு எல்லைக்குள் வீடு மாறியவர்கள் அந்த ஒரு காரணத்தால் வாக்கிழந்து போகாதபடி சில பாதுகாப்புகளைச் செய்திருந்தது. ஆயினும் இவற்றை நாடு முழுவதற்கும் உரிய கடமையாக்க வேண்டுமென்ற உணர்ச்சி, 2000-ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின்னரே வலுப்பெற்றது.

அத்தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் முடிவு 537 வாக்குகளில் தொங்கி நின்றதையும், துளையிடும் அட்டைகளில் அரைகுறையாகத் தொங்கிய துணுக்குகளை அதிகாரிகள் கண்ணருகே பிடித்து ஆராய்ந்ததையும் உலகம் அறியும். ஆனால் அந்த அட்டைகளைத் தொடுவதற்கே வாய்ப்பின்றி வாசலிலேயே திருப்பப்பட்டவர்களின் கதை அவ்வளவு பரவவில்லை. குற்றவாளிகளென்று கருதப்பட்டோரைப் பட்டியலிலிருந்து நீக்க அம்மாநிலம் மேற்கொண்ட முயற்சியில், பெயர் ஏறத்தாழ ஒத்திருந்தது என்பதைக் கொண்டே குற்றமற்ற பலரும் நீக்கத்துக்கு இலக்காயினர். சாவடியிலிருந்து மாவட்டத் தேர்தல் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசி ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள முயன்ற ஊழியர்களுக்கோ, நெடுநேரம் இணைப்பே கிடைக்கவில்லை. குடிமை உரிமைகள் ஆணையம் 2001-இல் நடத்திய விசாரணைகளில் இத்தகைய சாட்சியங்கள் பல வெளிவந்தன. அதே ஆண்டில் கால்டெக், எம்.ஐ.டி. என்னும் இரு கல்வி நிறுவனங்களின் கூட்டு ஆய்வுக்குழு வெளியிட்ட அறிக்கை, 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் 40 முதல் 60 லட்சம் வாக்குகள் பல்வேறு காரணங்களால் இழக்கப்பட்டன என்றும், அவற்றுள் 15 முதல் 30 லட்சம் வரை வாக்காளர் பதிவின் குழப்பங்களால் நேர்ந்த இழப்பு என்றும் மதிப்பிட்டது. பழுதான இயந்திரத்தைப் போலவே பழுதான பட்டியலும் வாக்கை விழுங்கும் என்ற உண்மை இவ்வாறு புள்ளிவிவரத்தின் வலிமையோடு எடுத்துக்காட்டப்பட்டது. முன்னாள் ஜனாதிபதிகளான ஜிம்மி கார்ட்டரும் ஜெரால்டு ஃபோர்டும் தலைமை தாங்கிய தேசிய ஆணையமும் தற்காலிக வாக்குமுறையை நாடெங்கும் கைக்கொள்ள வேண்டுமென்று பரிந்துரைத்தது.

இவற்றின் விளைவாகப் பிறந்ததே, 2002 அக்டோபர் 29-இல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட ‘அமெரிக்கர் வாக்களிக்க உதவும் சட்டம்’. கூட்டாட்சிப் பதவிகளுக்கான தேர்தலில், ஒருவரது பெயர் பட்டியலில் இல்லையென்றாலும், அவர் தகுதியற்றவரென்று ஓர் அதிகாரி கூறினாலும், தாம் பதிவு பெற்றவர், தகுதியுடையவர் என்று அவர் எழுத்து மூலம் உறுதி கூறுவாரானால் தற்காலிக வாக்குச்சீட்டை அவருக்கு அளித்தே தீர வேண்டுமென்று அதன் 302-ஆம் பிரிவு விதித்தது. அவ்வுரிமை உண்டென்பதை வாக்காளருக்கு எடுத்துச் சொல்லுவதும் அதிகாரியின் கடமையாக்கப்பட்டது. பரிசீலனைக்குப் பின் வாக்கு எண்ணப்பட்டதா, இல்லையேல் என்ன காரணத்தால் விலக்கப்பட்டது என்பதைக் கட்டணமின்றி அறிந்துகொள்ளத் தொலைபேசி எண்ணோ இணையதளமோ அமைக்கப்பட வேண்டுமென்பதும், அந்த விவரத்தை வாக்களிக்கும் இடத்திலேயே எழுத்து மூலம் தரவேண்டுமென்பதும் அப்பிரிவின் நிபந்தனைகள். இரகசிய வாக்கெடுப்பில் தம் வாக்கு என்னவாயிற்று என்று கேட்கும் உரிமையைச் சட்டம் குடிமகனுக்கு அளித்தது சாதாரணமான காரியமன்று.

உறையின் பயணம்

ஒரு தற்காலிக வாக்கு சாவடியிலிருந்து எண்ணிக்கை வரை செல்லும் பாதையைச் சற்று நிதானமாகப் பின்தொடர்வது, இம்முறையின் நுணுக்கத்தை விளங்கிக்கொள்ள உதவும். மாநிலந்தோறும் விவரங்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே.

பெயர் அகப்படாத வாக்காளர் வந்தால், அவருடைய முகவரி வேறு சாவடிக்கு உரியதாக இருக்குமோ என்று முதலில் பார்ப்பது ஊழியரின் கடமை. அவ்வாறாயின் அச்சாவடிக்கு வழிகாட்டுவதே அவருக்குச் செய்யும் பேருதவி. அதிலும் தெளிவு பிறக்காவிடில் தற்காலிக வாக்குச்சீட்டும், அதற்கெனத் தயாரிக்கப்பட்ட உறையும் தரப்படுகின்றன. உறையின் வெளிப்புறத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி முதலியவற்றை வாக்காளர் எழுதி, உறுதிமொழியின் கீழ்க் கையொப்பமிடுகிறார். குறியிட்ட சீட்டை உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுக்கிறார். சில மாநிலங்களில் பெயரற்ற உள்ளுறை ஒன்றும், பெயருள்ள வெளியுறை ஒன்றுமாக இரண்டு உறைகள் உண்டு. பொய்யாக உறுதி கூறுவது தண்டனைக்குரிய குற்றமாதலால், அக்கையொப்பம் வெறும் சம்பிரதாயமன்று.

பெயர் இல்லாதவர்களுக்கு மட்டும் உரியதன்று இவ்வுறை. தபால் மூலம் பதிவு செய்துகொண்டு முதன்முறையாக வாக்களிக்க வருபவர் உரிய அடையாளச் சான்றைக் காட்ட இயலாதபோதும், தபால் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கியவராகப் பட்டியலில் குறிக்கப்பட்டிருப்பவர் அதைக் கொண்டுவராமல் நேரில் வந்து நிற்கும்போதும் இம்முறையே கைகொடுக்கிறது. நீதிமன்ற ஆணையால் வாக்குப்பதிவு நேரம் நீட்டிக்கப்பட்டால், அந்நீட்டிப்பினால் மட்டுமே வாக்களிக்க முடிந்தவர்களின் வாக்குகளும் தற்காலிகமானவையாகப் பெறப்பட்டு ஏனையவற்றினின்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. அவ்வாணை பின்னர் ரத்தானால், எந்த வாக்குகளைப் பற்றியது வழக்கு என்று தெரிய வேண்டுமல்லவா?

தேர்தல் முடிந்த மறுநாள் முதல் மாவட்ட அலுவலகத்தில் பரிசீலனை தொடங்குகிறது. மாநிலப் பதிவேட்டில் வேறு முகவரியிலோ வேறு எழுத்துக்கூட்டலிலோ பெயர் இருக்கிறதா, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் வழியில் தங்கிவிட்டதா, கையொப்பம் பழைய கையொப்பத்தோடு பொருந்துகிறதா, அதே நபர் வேறிடத்தில் வாக்களித்திருக்கிறாரா என்பனவெல்லாம் ஒவ்வோர் உறைக்கும் தனித்தனியே பார்க்கப்படுகின்றன. தகுதி உறுதியானபின் உறை திறக்கப்பட்டு, எவருடைய சீட்டு எது என்று பிறர் அறியாதவாறு பிரிக்கப்பட்ட பிறகே வாக்கு எண்ணிக்கையில் சேர்கிறது. இவ்வேலை நாட்கணக்கில், சில மாநிலங்களில் வாரக்கணக்கில் நீள்வது இயல்பு. தேர்தல் இரவில் முன்னணியில் இருந்தவர் சில நாட்களில் பின்தங்குவதைக் கண்டு, எங்கோ சூது நடந்துவிட்டதென்று ஐயுறுவோர் உண்டு. ஒருவரது தகுதியைப் பொறுமையோடு ஆராய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதும், அவசரமாக எண்ணுவதே ஆபத்து என்பதும் அவர்கள் நினைவில் கொள்ளத் தக்கவை.

அவசரத்தின் ஆபத்துக்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2004-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆளுநர் தேர்தலில், கைகளால் மறுமுறை எண்ணியபின் வெற்றியின் வித்தியாசம் 129 வாக்குகளாக இருந்தது. அதே தேர்தலில் கிங் மாவட்டத்தின் சாவடிகளில், பரிசீலனைக்கு முன்னரே 300-க்கு மேற்பட்ட தற்காலிக வாக்குச்சீட்டுகள் எண்ணும் இயந்திரங்களுக்குள் நேரே செலுத்தப்பட்டுவிட்டன என்பது பின்னர் வெளிப்பட்டது. இயந்திரத்துக்குள் புகுந்த சீட்டைப் பெயரிட்டு அடையாளம் காண முடியாது. தகுதியுள்ளவரின் வாக்கும் அல்லாதவரின் வாக்கும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வழக்கு நீதிமன்றம் சென்று 2005-இல் முடிவு உறுதிப்படுத்தப்பட்டதாயினும், ஒட்டிய உறை ஒன்று எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

அடையாளக் குறை

பதிவுக் குறை வேறு, அடையாளக் குறை வேறு. முன்னதில் ஐயத்தைத் தீர்க்கும் சான்று பெரும்பாலும் அரசாங்கத்தின் பதிவேடுகளிலேயே கிடக்கிறது. ஆகையால் தேடுகிற வேலை அலுவலகத்தைச் சார்கிறது. பின்னதிலோ, வாக்காளரே மீண்டும் ஒருமுறை புறப்பட்டு வந்து, தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. சுமை இடம் மாறுவது இங்கேதான்.

கூட்டாட்சிச் சட்டம் அடையாளச் சான்றைத் தபால் மூலம் பதிவு செய்த முதன்முறை வாக்காளர்களிடம் மட்டுமே கேட்டது. அதிலும் புகைப்படமில்லாத மின்கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை போன்றவற்றை ஏற்றது. ஆனால் 2005-இல் இண்டியானா மாநிலம், நேரில் வாக்களிக்க வரும் எல்லோரும் அரசாங்கம் வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டுமென்று சட்டம் செய்தது. அட்டை இல்லாதவருக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு உண்டு. எனினும் அவர் 10 நாட்களுக்குள் மாவட்டத் தலைநகரிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று அட்டையைக் காட்ட வேண்டும், அல்லது வறுமையினாலோ மத நம்பிக்கையினாலோ அட்டை பெற இயலவில்லை என்று பிரமாணம் செய்ய வேண்டும். அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2008 ஏப்ரல் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்திற்று. முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், அட்டையில்லாதவர்களின் கஷ்டத்தைத் தற்காலிக வாக்குமுறை தணிக்கிறது என்பதையும் ஒரு நியாயமாகக் காட்டினார்.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சூட்டர் அந்தத் தணிப்பின் அளவை ஆராய்ந்தார். சாவடிகள் ஊரெங்கும் இருக்க, மாவட்ட அலுவலகமோ ஒன்றுதான். இண்டியானாவின் 92 மாவட்டங்களுள் 21-இல் பொதுப் போக்குவரத்தே இல்லை. ஏழை வாக்காளர் இப்பயணத்தை ஒருமுறையோடு முடித்துக்கொள்ளவும் இயலாது, ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் மேற்கொள்ள வேண்டும். 2007 நவம்பரில் மரியன் மாவட்டத்தில் நடந்த நகராட்சித் தேர்தலில் அடையாளக் குறையால் 34 பேர் தற்காலிக வாக்களித்தனர். அவர்களுள் இருவருடைய வாக்குகளே எண்ணப்பட்டன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். மீதி 32 பேர் போலிகளென்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை, அவ்வளவே. திரும்பி வாராமைக்குக் கூலியிழப்பு, முதுமை, நோய், வாகனமின்மை, தம் ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது என்ற சோர்வு என எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தகுதியின்மையோடு அவற்றில் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை.

அத்தீர்ப்பு வெளிவந்து பத்து நாட்கள் ஆகுமுன்னரே, இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் கன்னியர் மடமொன்றைச் சேர்ந்த, எண்பது தொண்ணூறு வயது கடந்த சுமார் பன்னிரண்டு துறவியர், உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் திருப்பப்பட்டனர். வாகனம் ஓட்டுவதை விட்டுவிட்ட அம்மூதாட்டியரிடம் நடப்பிலுள்ள அடையாள அட்டை இல்லை. சாவடியில் இருந்த ஊழியரோ அதே மடத்தைச் சேர்ந்த சகோதரி. வந்தவர்களை முகம் பார்த்து அறிந்தவர். குறித்த நாட்களுக்குள் இவர்களையெல்லாம் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று திரும்புவது நடவாத காரியமென்று தற்காலிகச் சீட்டும் கொடுக்கப்படவில்லை. சட்டத்தின் எழுத்து நிறைவேறிற்று. ஆனால் அந்தச் சாவடியில் அன்று எவருடைய அடையாளத்தைப் பற்றியும் எவருக்கும் உண்மையான ஐயம் இருக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னாளில் பல மாநிலங்கள் இத்தகைய சட்டங்களைச் செய்தன. திரும்பி வருவதற்கான அவகாசமும் அவற்றில் வேறுபட்டது. டெக்சாஸ் 6 நாட்களும் ஜார்ஜியா 3 நாட்களும் தந்தன. அட்டையில்லாத ஒருவர் அதைப் பெறுவதற்கே பிறப்புச் சான்றிதழ் முதலானவற்றைத் தேட வேண்டியிருக்கும்போது, மூன்று நாள் அவகாசம் வீட்டில் அட்டையை மறந்து வந்தவருக்கு மட்டுமே பயன்படும். அட்டையே இல்லாதவருக்கு அதனால் பிரயோசனம் மிகச் சொற்பம்.

சாவடி மாறிய வாக்கு

மூன்றாவது வகைச் சங்கடம், தகுதியிலோ அடையாளத்திலோ எவ்விதக் குறையும் இல்லாத வாக்காளர், தமக்குரிய பகுதியின் சாவடிக்குப் பதிலாக வேறொன்றுக்குச் சென்றுவிடுவது. ஜனாதிபதிக்கும் ஆளுநருக்கும் வாக்களிக்க அவருக்கு எந்தச் சாவடியிலும் ஒரே உரிமைதான். உள்ளூர்ப் பதவிகளுக்கு மட்டுமே பகுதி முக்கியம். இத்தகைய வாக்கில், அவருக்கு உரிமையுள்ள பதவிகளுக்கான குறிகளை மட்டும் எடுத்து எண்ணுவதென்பது கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் வழக்கம். முழுச் சீட்டையும் தள்ளிவிடுவது வேறு பல மாநிலங்களின் வழக்கம்.

2004 தேர்தலுக்கு முன் ஓஹையோ மாநிலச் செயலாளர் கென்னத் பிளாக்வெல், உரிய சாவடிக்கு வராதவருக்குத் தற்காலிகச் சீட்டே தரவேண்டாமென்ற முறையில் உத்தரவிட்டபோது வழக்குப் பிறந்தது. ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தின் உள்ளமைப்பையே வெளிச்சமிட்டது: தாம் உரிய இடத்துக்கே வந்திருப்பதாக உறுதி கூறும் வாக்காளருக்குச் சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் அதை எண்ணுவதா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. போடுவதற்கு உரிமை கூட்டாட்சியிடமிருந்து, எண்ணப்படுவதற்கு உரிமை மாநிலத்திடமிருந்து என்ற இந்தப் பிரிவினையே, ஒரே நாட்டில் ஒரே தேர்தலில் ஒரே மாதிரியான இரு வாக்குகளுக்கு இருவேறு கதி நேர்வதற்கு மூலகாரணமாகும்.

ஒரே மண்டபத்தில் பல பகுதிகளின் மேசைகள் அருகருகே போடப்பட்டிருக்கும் இடங்களில் இவ்விதியின் கடுமை மேலும் தெளிவாகத் தெரிந்தது. 2010-இல் ஓஹையோவின் ஹாமில்டன் மாவட்டத்தில் நடந்த சிறார் நீதிமன்ற நீதிபதி தேர்தலில், முதலில் அறியப்பட்ட வித்தியாசம் 23 வாக்குகளே. ஊழியரின் தவறான வழிகாட்டலால் வேறு பகுதியின் சீட்டில் போடப்பட்ட வாக்குகளுள், தேர்தல் அலுவலகத்திலேயே பதிவான 27 வாக்குகளை எண்ணிய மாவட்ட வாரியம், சாவடிகளில் அதே வகையில் தவறியவற்றை எண்ண மறுத்தது. சரியான மண்டபத்துக்கு வந்து, அதிகாரி காட்டிய மேசையில் சீட்டு வாங்கியவர், அதிகாரியின் பிழைக்காக வாக்கை இழப்பதா என்பதே வழக்கின் சாரம். நீண்ட வழக்காடலுக்குப் பின் அவ்வாக்குகள் எண்ணப்பட்டபோது, பின்தங்கியிருந்த டிரேசி ஹண்டர் 71 வாக்குகளால் வென்றவரென 2012-இல் அறிவிக்கப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் ஒரு நீதிபதிப் பதவியின் உரிமை ஒட்டிய உறைகளுக்குள் அடங்கிக் கிடந்தது.

அரிசோனாவைப் பற்றிய வழக்கு 2021-இல் உச்ச நீதிமன்றத்தை எட்டிற்று. 2016 பொதுத் தேர்தலில் அங்கே பகுதி மாறியதால் முழுமையாகத் தள்ளப்பட்ட வாக்குச்சீட்டுகள் 3,970. மொத்த வாக்குகளில் அவை 0.15 விழுக்காடு. சிறுபான்மையினர் இவ்வாறு சாவடி மாறும் விகிதம் ஏனையோருடையதைப் போல ஏறத்தாழ இருமடங்காயினும் எண்ணிக்கை சிறிது என்று கருதிய பெரும்பான்மை நீதிபதிகள், சட்டத்தை ஏற்றனர். மறுத்தெழுதிய நீதிபதி ககன், மாரிக்கோப்பா மாவட்டத்தில் 2006 முதல் 2012 வரை தேர்தலுக்குத் தேர்தல் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத சாவடிகள் இடம் மாற்றப்பட்டு வந்ததை நினைவூட்டினார். சாவடியை மாற்றுபவர் ஒருவர், மாறிய சாவடியைத் தேடித் தவறியதற்குத் தண்டனை பெறுபவர் மற்றொருவர் என்ற நிலை நியாய உணர்ச்சிக்கு ஒவ்வாதது.

எண்கள் உரைப்பவை

இம்முறை நாடு முழுவதும் முதன்முறையாக அமலான 2004 தேர்தலில் சுமார் 19 லட்சம் தற்காலிக வாக்குகள் பதிவாயின. அவற்றுள் சுமார் 12 லட்சம் எண்ணப்பட்டன. அந்தப் பன்னிரண்டு லட்சம் பேரும் பழைய முறையில் வெறுங்கையோடு திரும்பியிருக்கக்கூடியவர்கள் என்பதை எண்ணும்போது சட்டத்தின் பெருமை விளங்கும். ஆனால் அலாஸ்காவில் 97 விழுக்காடும் டெலவேரில் 6 விழுக்காடுமே எண்ணப்பட்டன என்ற வேறுபாட்டைக் காணும்போது அதன் குறையும் விளங்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் குடிமக்களின் நேர்மையிலுள்ள வித்தியாசமாக இருக்க இயலாது. விதிகளிலும் பழக்கத்திலும் உள்ள வித்தியாசமாகவே இருக்க வேண்டும். அதே தேர்தலில் ஓஹையோவில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தற்காலிக வாக்குகள் எண்ணப்படாமல் இருந்தபோது, நாட்டின் தலைமை யாருக்கு என்பதே ஓரிரவு அவற்றின்மேல் நின்றது. அவற்றால் தம் பின்னடைவை ஈடுசெய்ய முடியாதென்று தெளிந்த பின்னரே ஜனாதிபதி வேட்பாளர் ஜான் கெர்ரி மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பின்னர் வந்த தேர்தல்களில் எண்ணப்படும் விகிதம் உயர்ந்தது. 2016-இல் சுமார் 25 லட்சம் தற்காலிக வாக்குகளுள் பத்தில் ஏழு பங்குக்கு மேலும், 2020-இல் சுமார் 17 லட்சத்துள் நான்கில் மூன்று பங்குக்கு மேலும் முழுமையாகவோ பகுதியாகவோ எண்ணப்பட்டன. தள்ளப்பட்டவற்றுக்கு அடிக்கடி கூறப்படும் காரணம், அவ்வாக்காளர் அம்மாநிலத்தில் பதிவே பெற்றிருக்கவில்லை என்பது. ஆகவே தற்காலிகச் சீட்டு பட்டியலில் நேர்ந்த பிழையைத் திருத்தவல்லது. பதிவே செய்யாதவரைப் பதிவு பெற்றவராக்கும் ஆற்றல் அதற்குத் தானாக இல்லை.

இக்குறைக்கு மருந்தை வேறிடத்தில் தேட வேண்டும். மின்னசோட்டாவிலும் ஐடஹோவிலும் தேர்தல் நாளன்றே சாவடியில் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கலாமாதலால் இம்முறைக்கே அவசியம் நேரவில்லை. வடக்கு டகோட்டாவிலோ வாக்காளர் பதிவு என்ற வழக்கமே இல்லை. கலிபோர்னியா, பதிவுக் காலம் கடந்து வருபவரின் விண்ணப்பத்தையும் வாக்கையும் ஒருசேரப் பெற்று, தகுதியைப் பரிசீலித்தபின் இரண்டையும் ஏற்கிறது. பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில், இரகசிய உள்ளுறையில்லாமல் அனுப்பியதால் தபால் வாக்கு செல்லாததாகிவிட்டவர்கள் நேரில் அளிக்கும் தற்காலிக வாக்கை எண்ண வேண்டுமென்று தீர்ப்பளித்தது. ஒரு வாக்கு மட்டுமே எண்ணப்படும் என்பது உறுதியாயிருக்கும்போது, தவறிய முதல் முயற்சிக்காக இரண்டாவதையும் மறுப்பதில் யாருக்கும் நன்மையில்லை என்பதே அதன் நியாயம்.

இந்திய முறையோடு ஓர் ஒப்பீடு

நம் வாசகர்களுக்கு இவ்விடத்தில் இந்தியத் தேர்தல் முறை நினைவுக்கு வருவது இயல்பே. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி என்னும் விதி, ஒருவருடைய பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துச் சென்றுவிட்டால், தம் அடையாளத்தை மெய்ப்பிக்கும் உண்மை வாக்காளருக்குத் தனிச் சீட்டை அளிக்கிறது. டெண்டர் ஓட்டு என்று வழங்கும் அவ்வாக்கும் உறையிலிடப்படுகிறது. ஆனால் வழக்கமான எண்ணிக்கையில் அது சேர்வதில்லை. தேர்தல் வழக்கு தொடுக்கப்பட்டு நீதிமன்றம் கேட்டாலன்றி அவ்வுறை திறக்கப்படுவதில்லை. 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு அமைந்தபோது, இத்தகைய வாக்குகளைப் பற்றிய விவாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பட்டியலில் பெயரே இல்லாதவருக்கோ அன்றைய தினத்தில் நம் விதிகள் எந்தப் பரிகாரமும் வழங்கவில்லை. அடையாளத்தைப் பொறுத்தவரை, வாக்காளர் அட்டை இல்லாதவர் வேறு பல ஆவணங்களுள் ஒன்றைக் காட்டி அங்கேயே ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்பதில் நம் முறை இண்டியானாவின் முறையைவிடத் தாராளமானது. பட்டியலின் பிழையைப் பொறுத்தவரை, அமெரிக்க முறை நம்முடையதைவிடக் கருணையுடையது. இரு நாடுகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதற்கு இடமுண்டு.

முடிவுரை

தற்காலிக வாக்குச்சீட்டை, வாக்காளரைச் சமாதானப்படுத்தி அனுப்பும் வெறும் சாதனமென்று இகழ்வோரும் உண்டு. எல்லாக் குழப்பங்களுக்கும் அதுவே போதிய மருந்தென்று புகழ்வோரும் உண்டு. மேலே கண்ட வரலாறு இவ்விரு அபிப்பிராயங்களையும் மறுக்கிறது. அலுவலகமே தன் பதிவேடுகளைத் தேடி ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் இடங்களில் அச்சீட்டு லட்சக்கணக்கானவர்களின் உரிமையைக் காப்பாற்றியிருக்கிறது. வாக்காளரே மீண்டும் அலைந்து சான்று கொண்டுவர வேண்டிய இடங்களிலும், அதிகாரியின் பிழை வாக்காளரின் தலையில் ஏற்றப்படும் இடங்களிலும் அதே சீட்டு, மறுப்பைச் சில நாட்கள் தள்ளிப்போடும் சம்பிரதாயமாகச் சுருங்கிவிடுகிறது.

பட்டியலை எழுதுவதும், சாவடியை நிர்ணயிப்பதும், ஊழியரை நியமிப்பதும், எத்தகைய அட்டை வேண்டுமென்று விதிப்பதும் அரசாங்கம். இவற்றில் ஒன்றில் நேர்ந்த குழப்பத்தால் ஐயம் பிறக்குமானால், அதைத் தீர்க்கும் உழைப்பும் செலவும் அரசாங்கத்தையே சாரவேண்டும் என்பது எளிய தர்மம். இதற்கு வேண்டிய காரியங்களும் அரியவையல்ல: வாக்காளர் சான்று கொண்டுவரக் காத்திராமல் ஓட்டுநர் உரிமப் பதிவு முதலிய அரசாங்க ஆவணங்களை அலுவலகமே ஒப்பிட்டுப் பார்ப்பது, அடையாளத்தைச் சாவடியிலேயே பிரமாணத்தாலும் கையொப்பத்தாலும் உறுதிசெய்ய இடமளிப்பது, சாவடி மாறியவரின் வாக்கில் அவருக்கு உரிமையுள்ள பகுதியை எண்ணுவது, வாக்கு தள்ளப்பட்டால் காரணத்தை அவர் கேட்குமுன் தெரிவித்து, அடுத்த தேர்தலுக்குள் அவரைப் பட்டியலில் சேர்த்துவிடுவது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் தற்காலிக வாக்குகள் எங்கே, எக்காரணத்தால் மிகுந்தன என்று ஆராய்ந்து பட்டியலைச் செப்பனிடும் மாவட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை தானே குறையும். ஐயத்துக்கு உள்ளான குடிமகனை அலைக்கழிக்காமல் தானே உழைத்து அவருடைய தகுதியை அறியும் அரசாங்கமே, வாக்குரிமை என்று சாசனத்தில் எழுதியதை மெய்யாகக் கொடுத்த அரசாங்கமாகும்.